சாக்கடை வரைபடத்தை ஊருக்குக் காட்டுங்கள்

கோலார் தங்கவயலில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் ஏதோ ஒரு சயனைடு மலை தெரியும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் அது. நூறாண்டுக்கு மேல் கொட்டியதில் 13 குன்றுகள் எழுந்துவிட்டன. பரப்பு 1,003 ஏக்கர், எடை சுமார் 3.3 கோடி டன். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எவ்வளவு தங்கம் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பேச்சு நடந்தது. குன்றின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. மழையில் கரையும் மண் எங்கே போகிறது?

காற்றுக் காலத்தில் அந்தப் புழுதி வீட்டுக்குள் வருகிறது. மழைக்காலத்தில் சாக்கடைக்குள் இறங்குகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும். பாறையோடு சேர்ந்து வந்த கன உலோகங்கள் சிதைவதில்லை. அதனால் இந்த ஊரில் சாக்கடையைத் தூர் வாருவது மற்ற ஊர்களில் வாருவதைப் போன்ற வேலை அல்ல. வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்பவும் உள்ளே விழும். லாரியில் ஏற்றினால் அது ஏதாவது ஏரிக்கரையிலோ, யாரோ வீடு கட்டப்போகும் பள்ளமான மனையிலோதான் இறங்கவேண்டும். கால்வாயைக் குறுக்கிக் கான்கிரீட் போட்டால், பெருமழையில் தண்ணீர் எந்தத் தொழிலாளர் குடியிருப்பு லைனுக்குள் புகும் என்பதை அந்த லைனில் பிறந்து வளர்ந்தவர்களால் டெண்டர் விடும் முன்பே சொல்லிவிட முடியும். ஆனால் அவர்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவு, 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்குகிறது. 2011 கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை அதில் ஏறக்குறைய பாதி. கட்டடங்களின் கதையும் இதேதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு முன் அனுமதியே தேவையில்லை. அதற்கு மேற்பட்ட கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், ஆனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம். மனைப்பிரிவு, அடுக்குமாடி, திருமண மண்டபம் என்று எது வந்தாலும் அக்கம்பக்கத்தவர்களுக்குச் செய்தி சொல்வது ஜேசிபி எந்திரம்தான்.

மேற்பார்வை இல்லாத வசதி என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி 1880-இல் இங்கே கால் வைத்தது. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்று நீர் வந்தது. பிளேக் நோய்க்குப் பிறகு ராபர்ட்சன்பேட்டையில் நேர்நேராகத் தெருக்கள் போடப்பட்டன. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் வரை இறங்கி உழைத்தவர்களின் லைன் வீடுகளுக்கு மட்டும் எடுப்புக் கக்கூஸ்தான். மின்சாரம் வந்து 90 ஆண்டு ஆன பிறகும் மனிதர் கையால் மலம் அள்ளினார்கள்.

அதை நிறுத்தியது எந்த ஆய்வுக் குழுவும் அல்ல. 1966-இல் இங்கே ஒரு துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும் அவரோடு நின்றவர்களும் 1990-களில் எடுப்புக் கக்கூஸ்களைப் படம் எடுத்தார்கள், மனு மேல் மனு போட்டார்கள், பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். இல்லை என்று சாதிக்க முடியாதபடி ஆதாரத்தை முன்வைத்தார்கள். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற நாடு தழுவிய இயக்கத்தின் வேர் அதுதான். 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தங்கவயலில் நடந்த முதல் உண்மையான சாக்கடை மேற்பார்வை என்று நான் இதைத்தான் சொல்வேன். அந்தக் கண்காணிப்பு ஓர் இயக்கத்தின் உழைப்பாகவே நின்றுவிட்டது, ஊர் நிர்வாகத்தின் நிரந்தர ஏற்பாடாக மாறவில்லை. 2011-இல் இதே தங்கவயலில் மலக்குழிக்குள் இறங்கிய மூன்று பேர் இறந்தார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதும் குழப்பம் கூடியது. குடியிருப்பு, சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனியின் நிலத்தில். ஓட்டும் வரியும் நகரசபையில். கால்வாய் ஒரு நிர்வாகத்தின் எல்லையில் தொடங்கி இன்னொன்றின் எல்லையில் முடியும்போது, இரண்டுக்கும் இடையில் தேங்கும் தண்ணீர் யாருடைய பொறுப்பு? கம்பெனி நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கும் பேச்சும் சில ஆண்டுகளாக நடக்கிறது. வேலை வரட்டும், விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் ஊருக்கு அது வரத்தான் வேண்டும். ஆனால் பழைய ஷாஃப்ட் எங்கே இருக்கிறது, கழிவு மண் எதுவரை பரவியிருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்ற மூன்றையும் ஒரே வரைபடத்தில் பார்க்காமல் ஒரு மனையும் விற்கப்படக் கூடாது.

தலைநகரத்தின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரில் அகரம், பெல்லந்தூர் ஏரிகளுக்கு நடுவே எழுந்த கட்டுமானங்களுக்கு எதிராக மக்கள் அமைப்புகள் பசுமைத் தீர்ப்பாயம் போயின. 2016-இல் தீர்ப்பாயம் கோடிக்கணக்கில் அபராதம் விதித்து, ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் இடம் விடச் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த 75 மீட்டர் விதியை ரத்து செய்தது. இத்தனை ஆண்டு வழக்கும் மண் வெட்டிய பிறகு நடந்தது.

வெட்டுவதற்கு முன்பே கேட்கும் முறையும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஊருக்கு ஊர் பாதுகாப்புக் கமிஷன்கள் வந்தன. உறுப்பினர்கள் உள்ளூர்க்காரர்கள், மூன்று முதல் ஏழு பேர். ஈரநிலத்திலிருந்து 100 அடிக்குள் வீடு கட்டினாலும் வடிகாலைத் திருத்தினாலும் அவர்கள் முன் விண்ணப்பம் வைத்து, பொதுக் கூட்டத்தில் பதில் சொல்லவேண்டும். நகராட்சியே செய்யும் வேலைக்கும் விலக்கு இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விதிதான்.

இங்கே அப்படியொரு குழு அமைக்க அரசியல் சட்டம் தடையாக இல்லை. வார்டு கமிட்டி போகக் கூடுதல் குழுக்களை மாநிலம் அமைக்கலாம் என்று அதே 243-எஸ் பிரிவு சொல்கிறது. குழுவில் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி இருக்கவேண்டும், ஏனென்றால் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். துப்புரவுத் தொழிலாளி இருக்கவேண்டும். அடிவாரத்துப் பெண்கள் இருக்கவேண்டும். அறிவிப்பு கன்னடத்தோடு தமிழிலும் ஒட்டப்படவேண்டும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கவேண்டும். மற்ற நாளில் வைத்தால் ஊரில் பாதிப் பேர் ரயிலில் இருப்பார்கள்.

அந்தக் குழு வரும்வரை தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்கலாம், 150 சொற்களுக்குள் கேட்கவேண்டும். உங்கள் வார்டின் சாக்கடை வேலைக்கான வரைபடத்தை ஒரு மனுவில் கேளுங்கள். தூர் வாரிய மண்ணைக் கொட்டிய இடத்தை இன்னொன்றில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை.