திரும்பி வராத தெப்பம்

கனடாவின் வடமேற்குக் கோடியில் ஓடும் யூகான் ஆறு வருடத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும். அக்காலத்தில் மே மாதம் பனி உடைந்தால்தான் ஆற்றில் சரக்கு நகர்ந்தது. 1896-இல் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்ததும் ஆற்றங்கரையில் டாசன் நகரம் முளைத்தது. அங்கே மாவுக்கும் இறைச்சிக்கும் சொன்னதே விலை. சரக்கை ஆற்றுவழியே அங்கே கொண்டுபோகப் படகு கட்டலாம், ஆனால் அதற்குப் பலகை அறுக்க வேண்டும். தெப்பத்துக்குக் கோடரியும் கயிறும் போதும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். காட்டுத்தீயில் பட்டுப்போய், நின்றபடியே காய்ந்த ஸ்புரூஸ் மரம் உத்தமம். அதில் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 450 கிலோ எடை இருக்கும். மூழ்கும்வரை இன்னும் 500 கிலோவுக்கு மேல் தாங்கும். பச்சை மரத்துக்குத் தன் ஈரத்தைச் சுமக்கவே பாதி பலம் போய்விடும்.

தெப்பத்துக்குச் சுக்கான் உதவாது. தண்ணீர் உரசிக்கொண்டு ஓடினால்தான் சுக்கான் திருப்பும். தெப்பமோ ஆற்றின் வேகத்திலேயே போகிறது. உரசுவதற்கு நீரோட்டமே இல்லை. ஆகவே முன்னும் பின்னும் ஆளுயரத்தைவிட நீண்ட துடுப்புகளைப் பொருத்துவார்கள். அவை தெப்பத்தைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தும். வளைவில் நீரோட்டம் வெளிக்கரைக்கு இழுக்கும். அங்கே மண் அரித்துச் சாய்ந்த மரங்கள் தண்ணீருக்குக் குறுக்கே கிடக்கும். உட்பக்கம் அதிகம் ஒதுங்கினால் மணல்திட்டு. வளைவு கண்ணில் பட்டதுமே துடுப்பைத் தள்ளத் தொடங்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் தள்ளிப் பயனில்லை. இந்த முன்யோசனையைத்தான் நான் தெப்பக்காரரின் முழுத் தொழில் என்பேன். திட்டில் ஏறிய தெப்பத்தை மீட்க, சரக்கு முழுவதையும் கரையில் இறக்கி, கட்டைகளை நெம்ப வேண்டும். அதற்குள் ஆறு வற்றினால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மாடுகளைக் காட்டுவழியே நடத்தி வந்து, ஆற்றங்கரையில் வெட்டி, இறைச்சியைத் தெப்பத்தில் ஏற்றிய வியாபாரிகளும் உண்டு. இலையுதிர்காலக் குளிரே இறைச்சியைக் கெடாமல் காத்தது. அதே குளிர் இன்னும் கொஞ்சம் இறுகினால் ஆறு உறைந்து வழி அடைபடும். ஏரிகளில் ஆபத்து வேறு: இழுத்துப்போக நீரோட்டம் கிடையாது, காற்று வைத்ததே சட்டம். 1898-இல் சில்கோட்டின் பகுதியிலிருந்து 200 மாடுகளோடு புறப்பட்ட வியாபாரி நார்மன் லீ, டெஸ்லின் ஏரியில் இறைச்சி ஏற்றிய தட்டைப் படகுகளைப் புயலில் இழந்தார்.

டாசனை அடைந்தவர்களுக்குக் கடைசிச் சரக்கு காலடியிலேயே இருந்தது. எதிர்நீரில் தெப்பத்தைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. கயிற்றை அவிழ்த்தார்கள், காய்ந்த கட்டைகள் குளிர்கால அடுப்புக்கும் வீட்டுச் சுவருக்கும் விலைபோயின.