வகுப்பறைக்கே வரும் பயிற்றுநர்

ஆசிரியர்களை ஒரு மண்டபத்தில் கூட்டிப் பயிற்சி கொடுப்பதற்கும், பயிற்றுநர் ஒருவர் வகுப்பறைக்கே போய் உடனிருந்து வழிகாட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தென்னாப்பிரிக்கா நேரடியாக அளந்து பார்த்திருக்கிறது. நார்த் வெஸ்ட் மாகாணத்தில், செட்ஸ்வானா மொழி வழியில் கற்பிக்கும் 230 தொடக்கப்பள்ளிகளில் 2015இல் இந்த ஆய்வு தொடங்கியது. 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மண்டபப் பயிற்சி. வேறு 50 பள்ளிகளுக்கு மாதந்தோறும் வாசிப்புப் பயிற்றுநரின் வருகை. பாடத்திட்டக் குறிப்புகளும் வாசிப்புப் புத்தகங்களும் இரு தரப்புக்கும் ஒன்றே. இரண்டாண்டு முடிவில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, பயிற்றுநர் போன பள்ளிகளில் குழந்தைகளின் வாசிப்பில் கிடைத்த கூடுதல் முன்னேற்றம், மண்டபப் பயிற்சியால் கிடைத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

காரணம் வகுப்பறைக்குள் இருக்கிறது. கரும்பலகையில் உள்ளதை ஆசிரியர் சொல்ல, வகுப்பே ஒரே குரலில் திருப்பிச் சொல்லும்போது, எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் வாயசைத்துத் தப்பிவிடும். ஐந்தாறு பேரை அருகில் அழைத்து, அவரவர் நிலைக்கேற்ற சிறு புத்தகத்தைத் தனித்தனியே வாசிக்கச் சொன்னால்தான் யார் எங்கே தடுக்குகிறார் என்பது தெரியும். இதை மண்டபத்தில் விளக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஐந்தாறு பேர் வாசிக்கும்போது மீதிப் பிள்ளைகளை எப்படி அமைதியாக வேலையில் இருத்துவது? அதற்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். பயிற்றுநர் போன வகுப்புகளில் குழு வாசிப்பும் தனி வாசிப்பும் கூடியிருந்ததை ஆய்வை நடத்தியவர்கள் கண்டார்கள்.

நல்ல பயிற்றுநர் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் குரலையோ பலகை எழுத்தையோ பற்றிப் பேசுவதில்லை. எந்தக் குழந்தை எந்தச் சொல்லில் நின்றது என்று கேட்கிறார். அடுத்த வருகைக்குள் மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றை இருவரும் தேர்ந்துகொள்கிறார்கள்.

பயிற்றுநரை நேரில் அனுப்பச் செலவு அதிகம், கைக்கணினி வழியாகவே வழிகாட்டலாம் என்ற வாதமும் உண்டு. இம்புமலாங்கா மாகாணத்தில் அதையும் செய்து பார்த்தார்கள். மூன்றாண்டில் நேரடி வருகையின் பலனுக்கு அது ஈடாகவில்லை.

உண்மையான ஆபத்து வேறு. இத்தகைய ஆசிரியர் வழிகாட்டல் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு அலசல், திட்டம் பெரிதாகும்போது பலன் சுருங்குவதைக் காட்டியது. பள்ளிகள் பெருகினால் பயிற்றுநரின் வருகை குறையும். கையில் படிவம் ஏறும். படிவம் மேலதிகாரிக்குப் போகும். அன்றோடு பயிற்றுநர் பள்ளி ஆய்வாளராகிவிடுகிறார். நிறவெறி ஆட்சியின் இறுதிக் காலத்தில் கறுப்பினப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பள்ளி ஆய்வாளர்களை வகுப்பறைக்குள் விட மறுத்த நாடு தென்னாப்பிரிக்கா. வெளியாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாலே அங்கே பழைய அச்சம் எழும். அச்சப்படும் ஆசிரியர் அன்றைக்கு நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகளையே எழுப்பி வாசிக்கச் சொல்வார். உதவி தேவைப்படும் குழந்தை பயிற்றுநரின் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே கண்காணிப்பும் வழிகாட்டலும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது. பயிற்றுநரின் குறிப்பு ஆசிரியரிடமே தங்க வேண்டும். இடமாற்றம், பதவி உயர்வுக் கோப்புகளுக்குள் அது நுழையக் கூடாது. ஒருவரால் மாதம் ஒருமுறை போய்வர முடிகிற அளவுக்கு மேல் பள்ளிகளை அவர் தலையில் கட்டவும் கூடாது.