சயாம் மரண இரயில் பாதையில் ஓர் ஆய்வுப் பயணம்



பள்ளி விடுமுறையில் ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிக்குச் சென்று திரும்பினோம். “அங்கிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்?” எனத் தோட்டத்தில் பலர் வினவினர். வாங்கி வரத்தக்கது ஒன்றுமில்லை. கண்டு வந்தவற்றை ஈண்டு கூறுகின்றோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல் வழியே பொருள் அனுப்புவது ஜப்பானியருக்கு இடராயிற்று. ஆகவே 1942-ஆம் ஆண்டின் நடுவில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைக்கத் தொடங்கினர். மலையும் காடும் மழையும் மிகுந்த அவ்வழியில், 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்துவிட்டன. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கு உழைத்தனர். 12,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ 2 இலட்சத்துக்கும் மேல் என்பர். அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழரும் அத்தொகையில் அடங்குவர்.

அவர்கள் ஏன் சென்றனர்? ஜப்பானியர் காலத்தில் இரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தனர். ஆள் போதாதபோது வலிந்து பிடித்தும் ஏற்றினர்.

குவாய் ஆற்றுப் பாலத்தில் பயணிகள் கூட்டம் கூட்டமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நாங்களும் எடுத்தோம்; மறைப்பானேன்? 1957-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தால் உலகறிந்த பாலம் அது. அப்படம் போர்க்கைதிகளின் கதையையே கூறியது. எடுக்கப்பட்ட இடம் இலங்கை என்பது இன்னொரு வேடிக்கை.

அடுத்து, நகரிலுள்ள போர்க்கல்லறைக்குச் சென்றோம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக, புல்வெளி சீராக வெட்டப்பட்டு, பூச்செடிகளுடன் விளங்குகின்றன. வெண்கலத் தகடுகளில் பெயர், வயது, படைப்பிரிவு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று என வயதுகளைப் படித்துக்கொண்டே சென்ற எங்களுள் ஓர் ஆசிரியை திடீரென நின்று, “இவற்றுள் தமிழ்ப் பெயர் ஒன்றும் இல்லையே” என்றார்.

இல்லாததற்குக் காரணம் உண்டு. போர்க்கைதிகள் படைவீரர்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதிகாரிகளும் மருத்துவர்களும் உடனிருந்தனர். இறந்தவரைப் புதைத்த இடத்தைக் குறித்து வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டே கல்லறைகளைத் தேடிக் கண்டனர். தோட்டத் தொழிலாளிக்கு அதிகாரி இல்லை, பட்டியலும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, அருகிலிருந்தவரும் இறந்துபட, யார் போனார் என்று சொல்லவே ஆளில்லாமற் போயிற்று.

ஏடு இல்லாவிடில் பெயர்களைத் திரட்டவே இயலாதா? இயலும் என்பதற்கு யூத மக்கள் சான்று. நாஜி ஜெர்மனியின் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். ஓர் இனத்தையே அழிக்கத் திட்டமிட்டுச் செய்த கொலை அது. இரயில் பாதையில் நிகழ்ந்ததோ உழைப்பாளியின் உயிரை ஒரு பொருட்டாகக் கொள்ளாத கொடுமை. இரண்டையும் ஒன்றென்று மாணவர்க்குக் கூறலாகாது. ஆயினும் பெயரிழந்த துன்பம் இரண்டிலும் உண்டு. போலந்திலுள்ள ஆஷ்விட்ஸ் முகாமில் இறக்கப்பட்டவருள் பெரும்பாலோர், பதிவு செய்யப்படாமலே நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டனர். ஜெருசலத்தில் 1953-இல் சட்டப்படி நிறுவப்பெற்ற யாட் வாஷெம் நினைவகம், உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு, ஒருவருக்கு ஒரு தாள் என எழுதி வாங்கியது. பழைய ஆவணங்களையும் துருவி, 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை மீட்டுள்ளது. ஜெர்மனியைச் சேர்ந்த கண்டர் டெம்னிக் என்ற கலைஞர், 1990-கள் முதல், பலியானோர் வாழ்ந்த வீட்டு வாசல்களில் பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்களைப் பதித்து வருகிறார். 2023-இல் அவற்றின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தை எட்டியது.

அதே 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், காஞ்சனபுரியின் புத்தக் கோயில் ஒன்றில் நம்மவர் நினைவாக நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் வந்ததே என்று மனம் நெகிழ்ந்தது. மலர் வைத்தோம். எவர் பெயரைச் சொல்லி வணங்குவது என்றுதான் தெரியவில்லை.

திரும்பியபின், இவற்றை வகுப்பில் எவ்வாறு கற்பிப்பது என ஆலோசித்தோம். பிணக்குவியலின் படங்களைச் சிறு பிள்ளைகட்குக் காட்டுவதில்லை என முடிவு செய்தோம். மாறாக, வீட்டுப் பெரியோரிடம் கேட்டு வருமாறு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கூறினோம். ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டியின் சொற்களை எழுதி வந்தாள்: “அப்பா சயாமுக்குப் போனார். அம்மா சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை.”

பள்ளி அலுவலகத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துள்ளோம். பெயர், தந்தை பெயர், தோட்டம், சென்ற ஆண்டு, திரும்பிய ஆண்டு என ஐந்து கட்டங்கள். அப்பாட்டியின் தந்தை பெயர் முதல் வரியில் உள்ளது. கடைசிக் கட்டம் வெறுமையாக உள்ளது. உங்கள் குடும்பத்தில் சென்றவர் இருப்பின் வந்து சொல்லுங்கள். ஆண்டு தெரியாவிடினும் குற்றமில்லை. எழுத இயலாதோர் வாயாற் கூறினால் நாங்கள் எழுதிக்கொள்வோம். மாலை நான்கு மணி வரை அலுவலகம் திறந்திருக்கும்.