கிழக்கேகோட்டையில் மூன்று நாள்

நம் சங்க அன்பர்கள் பலருடைய வீட்டிலும் நடக்கிற சங்கதிதான் இது. ஊரிலிருந்து உறவினர் வருவார்கள். பத்மநாபசுவாமியைத் தரிசித்துவிட்டு, கோவளத்தில் கால் நனைத்துவிட்டு, அன்றிரவே வண்டி ஏறிவிடுவார்கள். இது ஒரு வகை. இன்னொரு வகையினர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். தம்பானூர் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும், நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் எக்ஸ்ரே உறையும் கையுமாக எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று.

என் அக்கா இரண்டாவது வகை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஐந்து வருஷமாக வைத்தியத்துக்கு வந்து போகிறாள். ஒவ்வொரு தடவையும் கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டில்தான் தங்கல். காலையில் ஆட்டோவில் ஏற்றுவேன், மாலையில் இறக்குவேன், மறுநாள் பஸ். சென்ற புரட்டாசிக் கடைசியில் அத்தானும் பேத்தியும் துணைக்கு வர, செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிந்தது. முடிவு தெரிய வெள்ளிக்கிழமை ஆகும் என்றார்கள். மூன்று நாள். ஊருக்குப் போய்த் திரும்பி வரவும் உடம்பு தாங்காது. வீட்டில் உட்கார்ந்தால் மனசு தாங்காது.

அன்றிரவு சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: “ஏல தம்பி, பத்துத் தடவை உன் ஊருக்கு வந்துட்டேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைத் தவிர ஒண்ணும் பாக்கலையேல. பாக்க என்னதான் இருக்கு இங்க?”

எனக்குச் சுருக்கென்றது. 38 வருஷமாகக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் ஆபீஸ் போனேன், காய்கறி வாங்கினேன். அக்காவுக்கு ஒன்றும் காட்டவில்லை என்பது இருக்கட்டும். நானே பார்க்காதவை எத்தனையோ இருந்தன. அந்த மூன்று நாளில் பெரும்பாலும் நடந்தே, ஓரிரு தடவை பஸ்ஸில், நாங்கள் பார்த்ததை நம் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் நாள்: கோட்டைக்குள்ளே

புதன்கிழமை விடியற்காலையில் முதலில் பழவங்காடி கணபதி. திருவிதாங்கூரின் நாயர் படை பத்மநாபபுரத்திலிருந்து வந்தபோது கூடவே வந்த பிள்ளையார் என்பார்கள். இன்றும் இந்தக் கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட். இங்கே சிதறு தேங்காய் விழுகிற சத்தம் ஓய்வதே இல்லை. அக்கா ஒன்று உடைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து கோட்டை வாசல் வழியாக நேரே பத்மநாபசுவாமி கோயில். ஏழு நிலைக் கோபுரத்தைப் பார்த்ததும் அத்தான், “நம்ம ஊர்க் கோபுரம் மாதிரில்லா இருக்கு” என்றார். உண்மைதான், கேரளக் கோயில்களில் இப்படிக் கோபுரம் காண்பது அரிது. நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், மறைகிற சூரியன் இந்தக் கோபுரத்தின் வாசல்களில் ஒவ்வொன்றாக இறங்கி வரும் காட்சியைக் காணக் கூட்டம் கூடும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது உடை. இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆண்கள் வேட்டி மட்டும், மேலுடம்பில் சட்டை கூடாது. பெண்களுக்குப் புடவை, சுடிதார் போட்டவர்கள் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். வாசலருகே வாடகைக்கு வாங்கிய வேட்டியைச் சுற்றிக்கொண்டு, “தாத்தா, நடக்கவே வரல” என்று சிரித்தாள். செல்போனை வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். நடையும் பகுதி பகுதியாகத்தான் திறந்திருக்கும். உச்சிக்குப் பிறகு மாலை 5 மணி வாக்கில்தான். நேரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உள்ளே 18 அடி நீளத்தில் அனந்தசயனம். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் 12,008 சேர்த்து, கடுசர்க்கரை யோகம் என்ற மருந்துச் சாந்தினால் அமைத்த மூர்த்தி. அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. 1686-ல் தீ விபத்துக்குள்ளான கோயிலைப் புதுப்பித்து இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. 1750-ல் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்துவிட்டு, ‘பத்மநாப தாசன்’ என்ற பெயரில் ஆண்டவர் அவர். 2011-ல் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே இந்தக் கோயிலைப் பேசியது நினைவிருக்கும்.

பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. முதல் வாசலில் திருமுகமும், கீழே நீட்டிய கையின் அடியில் சிவலிங்கமும், இரண்டாவதில் நாபிக் கமலமும் பிரம்மாவும், மூன்றாவதில் திருவடி. அக்கா மூன்று வாசலிலும் நின்றாள். வெளியே வந்ததும், “முழுசா ஒரே தடவைல பாக்க முடியாதோ?” என்றாள். “மூணு வாசல்லதான் அக்கா.” “சரிதான். எனக்கும் மூணு நாள் கழிச்சுத்தானே சொல்லுவாங்க.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

பத்மதீர்த்தக் கரையில் ‘மேத்தன் மணி’ என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. குளத்தூக்காரன் பத்மநாபன் ஆசாரி என்ற கைவினைஞர் செய்தது. மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாய் திறப்பார். இரண்டு ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து வந்து அவர் கன்னங்களில் முட்டும். எட்டு மணிக்காகக் காத்து நின்றோம். எட்டு முட்டு முட்டியதை அத்தான் விரல் விட்டு எண்ணினார்.

பக்கத்திலேயே குதிரைமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா 1840-களில் கட்டியது. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். அதனால்தான் அந்தப் பெயர். தந்தச் சிம்மாசனமும் பளிங்குச் சிம்மாசனமும் உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1813-ல் பிறந்த மகாராஜா 1846-ல், 33 வயதில் காலமானார். அதன்பின் மாளிகை நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. தஞ்சை நால்வர் என்று நாட்டியக்காரர்கள் போற்றும் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு, இவருடைய சபையில் இருந்தவர். வயலினில் தேர்ந்த அவருக்கு மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த மாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. 38 வருஷத்தில் அன்றுதான் நான் முதல்தடவை உள்ளே போனேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அருகே நவராத்திரி மண்டபம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாக வருவது நமக்குத் தெரிந்ததே. அந்தச் சரஸ்வதி, கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த யாத்திரை நிற்கவில்லை. எல்லையில் இரு மாநிலத்தாரும் மரியாதை செய்து அனுப்புகிறார்கள். ஒன்பது மாலையும் இந்த மண்டபத்தில் கச்சேரி. அந்தந்த நாளுக்கு அந்தந்த ராகம் என்று முறை உண்டு. பெண்கள் பாடுவதற்கு இருந்த தடை நீங்கி, 2006-ல் முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். நவராத்திரி முடிந்து மண்டபம் சும்மா இருந்தது. “அடுத்த வருஷம் சரியான நேரத்துல வரணும்” என்று அக்கா சொன்னதை, என் மனைவி சட்டென்று, “வாங்க மதினி, பத்து நாளும் இங்கதான்” என்று பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள்: களரியும் கலைக்கூடமும்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சி.வி.என். களரிக்குப் போனோம். கிழக்கேகோட்டையிலேயே 1956 முதல் இயங்கி வருகிறது. தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக வெட்டிய களம். மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை. எண்ணெய் தடவிய உடம்போடு பையன்களும் பெண்களும் கம்பு, வாள், கேடயம் பழகுவதை மேலே நின்று பார்க்கலாம். பேத்தி அசையாமல் அரை மணி நேரம் நின்றாள்.

பிறகு கோட்டையிலிருந்து பஸ் பிடித்து மியூசியம். நேப்பியர் மியூசியம் என்று பெயர். மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர். வரைந்து கட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய அதே ராபர்ட் சிஷோம். 1880-ல் முடிந்த கட்டடம். மின்விசிறி இல்லாமலே உள்ளே குளுமை இருக்கும்படி காற்று வர வழி வைத்திருக்கிறார். அதே வளாகத்தில் விலங்குக் காட்சிசாலையும், 2023-ல் திறந்த ராஜா ரவிவர்மா ஓவியக்கூடமும் இருக்கின்றன. நம் பாட்டிமார் வீட்டுச் சுவரில் தொங்கிய லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கெல்லாம் மூலவர் இந்த ரவிவர்மாதான். திங்கட்கிழமையும் புதன்கிழமை காலையும் மியூசியம் திறப்பதில்லை. அதனால்தான் வியாழனுக்கு வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய சிவப்புச் செங்கல் கோபுரம். உள்ளே தளம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஏறும், மேசைகளும் கூடவே ஏறும். அக்கா கீழ் வட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பேத்தி உச்சி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள்: சாலைக் கடைத்தெரு

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. காலைப்பொழுதை வீட்டில் கழிக்க யாருக்கும் மனமில்லை. பேத்தியை அத்தானோடு வீட்டில் விட்டு, அக்காவும் நானும் மட்டும் ஆட்டுக்கால் போனோம்; கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டுக்கால் பகவதி நம் கண்ணகியே என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் போகிற வழியில் இங்கே தங்கினாள் என்பது கதை. திருவிழாவில் தோற்றம் பாட்டாக அவள் வரலாற்றைப் பாடுகிறார்கள். மாசி மாதப் பொங்காலையன்று லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். கிழக்கேகோட்டையில் கால் வைக்க இடமிருக்காது. 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிவானது.

சந்நிதியில் அக்கா ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெளியே வந்து, “இவ்வளவு கோவமா வந்தவளை இங்க உள்ளவங்க சமாதானமா உக்கார வச்சிருக்காங்க பாரு” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வந்து சாலைக் கடைத்தெருவில் நுழைந்தோம். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய வாணிபத் தெரு. பாத்திரக்கடை, பூக்கடை, மளிகை, எங்கே பார்த்தாலும் தமிழ் காதில் விழும். தோவாளைப் பூ வந்து இறங்குகிற இடம். அக்கா ஒரு கடையில் பேரம் பேசியபோது கடைக்காரர், “நீங்க எந்த ஊரு, அம்பையா?” என்று கேட்டுவிட்டார். பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்! அவர் பாட்டனார் பாவூர்ச்சத்திரத்திலிருந்து வந்தவராம். ஏத்தக்காய் உப்பேரி அரைக் கிலோவும் போளியும் வாங்கினோம். பால் பாயசத்தோடு போளி சாப்பிடுவது இந்த ஊர் விருந்தின் வழக்கம் என்றதும் அக்கா நம்பவில்லை. மதியமே செய்து போட்டாள் என் மனைவி.

இந்தத் தெருவில் கடை வைத்திருந்துகொண்டே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதியவர் ஆ. மாதவன். 2015-ல் சாகித்ய அகாடமி விருது பெற்று, 2021-ல் காலமானார். நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலும் இந்த ஊரைப் பற்றியதே. நகுலன் இங்கே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘மனோன்மணீயம்’ தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை பணியாற்றியதும் இந்நகரில்தான், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பேத்தி தினமும் நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்தது என்று சொன்னபோது, “அவர் திருவனந்தபுரத்துக்காரரா தாத்தா?” என்று ஆச்சரியப்பட்டாள். சாலைக்கு அடுத்துள்ள வலியசாலைதான் ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் சொல்லும் காந்தளூர்ச்சாலை என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆயிரம் வருஷமாக நமக்கும் இந்த மண்ணுக்கும் போக்குவரத்து இருக்கிறது. பஸ்ஸில் மலையாளப் பலகை பார்த்துத் தடுமாறுகிற நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாமா?

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலரை மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையைத் தொடருங்கள், ஆறு மாசம் கழித்து வந்தால் போதும் என்றார். அத்தான் வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “ஆறு மாசம்னா என்ன மாசம்ல வரும்?”

“பங்குனி, சித்திரை.”

“அப்ப என்ன பாக்கலாம்?”

பங்குனி உற்சவம் சொன்னேன். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்து நாள் திருவிழா நடந்து, கடைசி நாள் பெருமாள் சங்குமுகம் கடற்கரைக்கு ஆறாட்டுக்கு எழுந்தருளுவார். ஊர்வலம் விமான ஓடுதளத்தைக் கடந்து போவதால் அந்தச் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைப்பார்கள். “சாமிக்காக பிளேனை நிறுத்துவாங்களா?” என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வராந்தாவில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அன்பர்களே, உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். மருந்துச் சீட்டோடு வருகிறவர்களும் ஊர் பார்க்க ஆசையுள்ளவர்கள்தாம். நம்மிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஒரு காலைப்பொழுது ஒதுக்கிக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பங்குனிக்கு என் அக்கா வருகிறாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், ஊருக்கு நாலு நாள் என்று அவளே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாள்.