கடவுச்சொல்லைக் காத்தல்

சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற ஆலங்குளத்திலிருந்து ஒருவர் சென்னையிலுள்ள தம் மகனுக்கு மின்னஞ்சல் விடுக்கின்றார் என்க. அவர் கணிப்பொறியிலுள்ள அஞ்சல் நிரல் அம்மடலை ஏற்றுத் தொலைவிலுள்ள வழங்கியிடம் சேர்க்கும். வழங்கியோ, ‘நீ யார்?’ என வினவிக் கடவுச்சொல்லைக் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதனைத் தட்டெழுதுவது தொல்லை எனக் கருதுவோர், நிரலின் அமைப்புக் கோப்பிலேயே அதனை எழுதி வைத்துவிடுகின்றனர். வீட்டைப் பூட்டித் திறவுகோலை வாயிற்புறத்து மாடக்குழியில் வைத்துச் செல்வது போன்றது இது.

கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பு வெளிப்படுதற்குக் கள்வரே வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒருங்கே பயன்படுத்திய கணிப்பொறி ஒன்று இருந்தது. 1966-ஆம் ஆண்டில் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தினர். தற்காலிகக் கோப்புகளின் பெயர் ஒன்றாய் இருந்தமையால் அவை இடம் மாறின. அன்றைய அறிவிப்புத் தோன்றவேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன!

பிற்காலத்து வழங்கிகள் கடவுச்சொல்லை உள்ளவாறே வைப்பதை விடுத்து, உருமாற்றி வைக்கலாயின. அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அவ்வுருமாற்றமும் அத்தகையதே. அஞ்சல் நிரலும் அவ்வாறே செய்யலாகாதோ எனின், ஆகாது. அது வழங்கியிடம் மெய்யான சொல்லையே எடுத்துரைத்தல் வேண்டும். இடர்ப்பாடு முழுவதும் இங்கேதான் உள்ளது.

ஆகவே, முதற்காப்பாகக் கோப்பினைப் பிறர் படியாதவாறு செய்வர். யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2 என மதிப்புண்டு. உரியவருக்கு இரண்டும் சேர்ந்து 6. குழுவினர்க்கும் பிறர்க்கும் சுழியம். இதுவே 600 என்னும் குறியீடு. ஃபெட்ச்மெயில் என்னும் நிரல், தன் கோப்பைப் பிறரும் படிக்கக்கூடுமாயின் பணிசெய்யவே மறுத்துவிடும். போற்றத்தக்க பிடிவாதம் அது!

எனினும், கணிப்பொறியே களவு போனால் இக்காப்புப் பயன்படாது. வட்டினைக் கழற்றி வேறொன்றில் பொருத்தினால் கோப்பைப் படித்துவிடலாம். அதனால் கடவுச்சொல்லைத் தனிக்கோப்பில் மறையெழுத்தாக்கி வைப்பர். அமைப்புக் கோப்பை நண்பர்க்குக் கொடுத்தாலும் சொல் உடன் செல்லாது. 1999-இல் முதற்பதிப்பு நிறைவுற்ற ஜிபிஜி என்னும் நிரல் இதற்கு உதவும். மறையெழுத்தைத் திறக்கும் ஒரு தொடரை மட்டும் மனத்தில் இருத்தினால் போதும்.

கூகுள் போன்ற நிறுவனங்கள் ஒரு நிரலுக்கென்றே 16 எழுத்துகளாலான தனிச்சொல் வழங்குவதும் உண்டு. அது பிறர் கைப்பட்டால் அதனை மட்டும் நீக்கிவிடலாம். கணக்கின் தலைச்சொல்லை மாற்றவேண்டியதில்லை.