சொந்தமாக ஒரு பத்திரிகை எதற்கு?

நம் ஊரில் பாளையம் வழியாகப் போகும் அன்பர்கள் 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளையின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நாட்டில் பத்திரிகைகள் பல இருக்க, தன் கருத்தைச் சொல்லத் தனியாக ஒன்று வேண்டும் என்று ஒருவருக்கு ஏன் தோன்றுகிறது? அதற்கான விடை அவர் கதையில் இருக்கிறது.

முதலில் சென்னையைப் பார்ப்போம். 1878-ல் தி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானபோது ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைத் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்ல ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் அறியாத மக்களுக்காக 1882-ல் 'சுதேசமித்திரன்' தமிழில் வந்தது.

திருவிதாங்கூரில் 1905-ல் வக்கம் மௌலவி, இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து 'சுதேசாபிமானி'யைத் தொடங்கினார். மறு ஆண்டு ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். 1907-ல் பத்திரிகை திருவனந்தபுரம் வந்தது. உரிமையாளர் முஸ்லிம், ஆசிரியர் இந்து. பணம் போட்டவர் பேனாவில் கை வைக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். அடுத்தவர் பத்திரிகையில் எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் எளிதில் கிடைப்பதில்லை.

திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைப் பத்திரிகை கடுமையாக விமர்சித்தது. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலானது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். இவ்வூருக்கு ரயில் வந்ததே 1918-ல்தான். அவரை ஆரல்வாய்மொழி எல்லை கடத்தித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவர் 1916-ல் கண்ணூரில் காலமானார். மௌலவி 1932-ல் மறையும் வரை அச்சகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ரயிலை ஓட்டுபவர் டிரைவர். ஆனால் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கண்ணில் படாத ஆபத்து பின்னால் இருப்பவர் கண்ணில் படலாம் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கருத்து எழுதுகிறவரின் வேலையும் அத்தகையதே. காரணமில்லாமல் பிரேக் போட்டால் கார்டு விளக்கம் சொல்ல வேண்டும். எழுதுகிறவரும் தீர விசாரித்து, தம் பெயரைப் போட்டே எழுத வேண்டும்.

பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் வம்பு என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். வார்டில் குடிநீர் வராவிட்டாலும், பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே குறைபட்டுக்கொள்கிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். இன்று கருத்தைச் சொல்ல அச்சகம் வாங்க வேண்டியதில்லை, கைப்பேசி போதும். நம் சங்க இதழிலும் இடமிருக்கிறது. தமிழ் எழுத வராத பிள்ளைகள் சொல்லச் சொல்ல, பெரியவர்கள் எழுதிக் கொடுங்கள். கீழே பிள்ளையின் பெயரையே போடுங்கள்.