பெயரில்லாமையே பெயரான பறவை

மரங்கொத்தி என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? செந்நிறக் கொண்டையும் பொன்னிற முதுகுமாகப் பனைமரத்தைப் பற்றி ஏறும் பறவையன்றோ? மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, எங்கள் பெருமுக்கல் குன்றைச் சூழ்ந்த பனைகளில் நான் காண்பதும் அதுவே. அதன் நீளம் ஏறக்குறைய 28 செண்டிமீட்டர்.

அக்குடும்பத்திலேயே 10 செண்டிமீட்டர் நீளமுள்ள குள்ளப் பறவை ஒன்றும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் அதனைப் புள்ளிச் சிறு மரங்கொத்தி எனலாம். எடை சுமார் 10 கிராம். ஊர்க்குருவியின் எடையில் பாதிகூட இராது. முதுகு பசுமை கலந்த மஞ்சள். வெண்ணிற வயிற்றில் கரும்புள்ளிகள். 1836 இல் பர்ட்டன் என்னும் அறிஞர் இதற்கு அறிவியற்பெயர் சூட்டுகையில், 'பெயரற்றது' எனப் பொருள்படும் இன்னாமினேட்டஸ் என்னும் லத்தீன் சொல்லையே இட்டார். பெயரில்லாமையே பெயராயிற்று!

இதன் தனிச்சிறப்பு வாலில் உள்ளது. பெரிய மரங்கொத்தியின் வாலிறகுகள் விறைப்பானவை. இரு கால்களால் மரத்தைப் பற்றி, வாலை மூன்றாவது காலாக ஊன்றி, முக்காலிபோல் அசையாது நின்று அது கொத்துகிறது. சிறு மரங்கொத்தியின் வாலோ குட்டையானது, மென்மையானது, ஊன்றுவதற்கு உதவாது. ஆயினும் அஃது ஒரு குறையன்று. பெரிய பறவையின் பாரத்தைத் தாங்காத மெல்லிய கிளைகளிலும் மூங்கிலிலும் இது குறுக்காக அமரும், தலைகீழாகவும் தொங்கும். அங்கே மறைந்துள்ள எறும்புகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடி உண்ணும். பெரியவர் புக இயலாத இடத்தில் சிறியவர்க்குப் பிழைப்பு உண்டு என்பதை இயற்கை இவ்வாறு காட்டுகிறது.

கூடு கட்டுவதில்தான் இதற்கு ஓர் இக்கட்டு. பட்டுப்போய் உளுத்த சிறு கிளையிலோ மூங்கிலிலோ தானே குடைந்த பொந்தில்தான் இது முட்டையிடும். இமயமலை முதல் போர்னியோ வரை பரவியுள்ள இவ்வினம் உலகில் அருகிவிடவில்லை என்பது உண்மையே. எனினும், பட்ட மரங்களையெல்லாம் அகற்றிவிட்ட காட்டில் இதற்கு வீடு ஏது?

இது மலைக்காட்டுக்கு மட்டும் உரிய நீதியன்று. தலையிழந்த பனையை நாம் பயனற்றது என்கிறோம். அதில் மரங்கொத்தி குடைந்து விட்டுச்சென்ற பொந்தில் மைனாவும் கிளியும் ஆந்தையும் குடியேறுகின்றன. ஆகவே, ஆள்மேல் விழும் அச்சமில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தைக் கண்டால், அதனை வெட்டுமுன் ஒருகணம் அண்ணாந்து பாருங்கள். மரத்திற்கு உயிர் போயிருக்கலாம். அதனுள் உயிர்கள் வாழ்ந்துகொண்டிருக்கும்.